கோர்ட்டுக்கு வந்த கிரைண்டர்

படிக்கட்டுத் திருப்பத்தில் முதலில் தெரிந்தது குங்குமம்தான்.

ஓர் இளைஞனின் தோளில் எவர்சில்வர் கிரைண்டர் ஒன்று மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. உடம்பில் விரல்களால் இழுத்த மஞ்சள், நடுவே பெரிய பொட்டு, விளிம்பைச் சுற்றி ஒரு முழம் கதம்பம். பின்னால் வந்த அம்மாளின் கையில் கட்டைப்பை, அதற்குள் குழவிக்கல். அவருக்கும் பின்னால், வெறுங்கையோடு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு இன்னோர் அம்மாள். "பாத்து நைனா, செவுத்துல இடிச்சிடாத" என்று அவர்தான் வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

வராந்தாவில் நின்ற வக்கீல்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். கைவிலங்கோடு ஆட்களை அழைத்து வரும்போதுகூட அவர்கள் அவ்வளவு மரியாதையாக ஒதுங்கிப் பார்த்ததில்லை.

நான் வழக்குக் கட்டோடு வாசலில் காத்திருந்தேன். "பாக்கியம்மாள் யாரு?" என்று கேட்டதும் வெறுங்கைக்காரர் முன்னால் வந்தார்.

"நான்தாம்மா. நேத்து போன்ல பேசுனது நீயா? கொரலு சின்னப் பொண்ணு கணக்கா இருந்துச்சே."

நாற்பத்தெட்டு வயதில் ஒரு வேலைநாள் இதைவிட நன்றாகத் தொடங்க முடியாது.

இளைஞன் கிரைண்டரைத் தரையில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினான். சட்டை தோளில் நனைந்து ஒட்டியிருந்தது. என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, என் ஸ்டூலிலேயே உட்காரச் சொன்னேன். அம்மாவுக்காக இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறானே, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டூல்காரி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிரித்திருக்கிறீர்கள் என்றால், இரண்டு வரி அறிமுகம். குற்ற வழக்குகளில் அரசுத் தரப்புக்காக வாதாடும் உதவி வழக்கறிஞரை எங்கள் கோர்ட்டில் எல்லோரும் ஏபிபி என்பார்கள். நான் அவருக்கு உதவியாளர். அலுவலகத்திலேயே கடைசிப் படி. எனக்குக் கீழே தரைதான் இருக்கிறது.

அதற்கு முன்னால் சாந்தோம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் பல வருடம் இருந்தேன். பள்ளியை மூடினார்கள். தட்டச்சுச் சான்றிதழ் பீரோவில் இருந்தது, மகள் விளம்பரத்தைக் காட்டினாள், விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் ஏபிபி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவராக எதிரே உட்கார்ந்து, "மேடம், இது ஓடியாடுற வேலை" என்று தயங்கினார். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நடத்தியிருக்கிறீர்களா என்று அவரைக் கேட்டேன். வேலை கிடைத்தது.

போன வாரம் ஒரு வாசகர், கொலைகாரர்களைப் பக்கத்தில் பார்க்கும்போது பயமாக இருக்காதா என்று கேட்டிருந்தார். அவர்களைப் பார்க்க எனக்கு நேரம் இருப்பதில்லை. காலையில் அன்றைய வழக்குகளின் கட்டுகளை அழைக்கப்படும் வரிசையில் அடுக்க வேண்டும். மருத்துவர் சாட்சிக்கு வருவாரா, லீவா என்று விசாரிக்க வேண்டும். வந்த சாட்சி டீ குடிக்கப் போய்க் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுச் சட்டம் வந்த பிறகு பழைய வழக்குகளுக்குப் பழைய பிரிவு எண், புதியவற்றுக்குப் புது எண். கட்டின் மேல் பென்சிலால் இரண்டையும் எழுதிவைப்பேன். ஏபிபி அதை ஒருமுறை பாராட்டினார். இரண்டாவது முறை, எழுதாத கட்டைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கென்று நானே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட பிள்ளைகளைத் தனித்தனி பெஞ்சில் உட்கார வைத்த பழக்கம்தான். அரசுத் தரப்புச் சாட்சிகள் வராந்தாவின் கிழக்குக் கோடி பெஞ்சில், எங்கள் அறைக்குப் பக்கத்தில். எதிரி தரப்பு மேற்குக் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். எதிரி என்றால் பயப்பட வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட் தமிழில் அதுதான் பெயர்.

அன்றைக்குக் கிழக்குப் பெஞ்சில் பாக்கியம்மாளை உட்கார வைத்தேன். கட்டைப்பை அம்மாளும் உரிமையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே என் ஸ்டூலில் இளைஞன். நடுவில் பொட்டு வைத்த கிரைண்டர். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தது.

சாலையில் நின்ற சாமான்கள்

வழக்கு சின்னது. அடையாற்றங்கரையில் இருந்த குடியிருப்பைக் காலி செய்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். காலி செய்த அன்று எல்லா வீட்டுச் சாமான்களும் சாலையோரம் குவிந்து லாரிக்காகக் காத்திருந்தன. பீரோ, சைக்கிள், சாமி படம், கோழிக் கூண்டு. அந்தக் குவியலில் இருந்த பாக்கியம்மாளின் கிரைண்டர் லாரியில் ஏறவில்லை. சில நாள் கழித்துப் பழைய சாமான் கடை ஒன்றில் போலீஸ் அதைக் கண்டுபிடித்தது. விற்றவன் விக்கி என்கிற விக்னேஷ், பழைய குடியிருப்பில் அதே சந்தில் இருந்தவன்.

பாக்கியம்மாளுக்கு இட்லிதான் பிழைப்பு. மாநகரின் இந்தப் பக்கம் கட்டட வேலைக்காரர்களுக்கு விடிகாலையில் சுட்டுக் கொடுத்தவர், இப்போது புது இடத்தில் குடியிருப்பு வாசலில் சுடுகிறார். அதனால் வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் கிரைண்டரை அவரிடமே கொடுத்து வைக்கும்படி அப்போதே உத்தரவானது. விற்கக்கூடாது, மாற்றக்கூடாது, விசாரணையின்போது இருக்கிறபடியே கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். வழக்கு எண்ணும் கையெழுத்துகளும் உள்ள காகித லேபிள் ஒன்றைப் போலீஸ் அதன் மேல் ஒட்டி அனுப்பியது.

நானும் முந்தைய நாள் போனில் அதையே சொன்னேன். எப்படி இருக்கிறதோ அப்படியே கொண்டு வாருங்கள்.

இப்போது கிரைண்டரைச் சுற்றி வந்து பார்த்தேன். கதம்பத்தை விலக்கிப் பார்த்தேன். என் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. லேபிள் எங்கேயும் தெரியவில்லை.

"அந்தக் காகிதம் எங்கம்மா?"

"அத்தயா? இத்தினி நாளா மாவு படாம பிளாஸ்டிக் சுத்தி வெச்சிருந்தேன். நேத்து ராவு புளி போட்டுத் தேச்சேன் பாரு, அதோட போயிடுச்சு. ஜட்ஜம்மா எதிர்ல அழுக்கோடயா நிறுத்துறது?"

சம்மன் வந்த நாளிலிருந்து சட்டைகூட மாற்றாமல் வரும் சாட்சிகள் உண்டு. சாமானைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து அழைத்து வந்தவர் இவர் ஒருவர்தான்.

ஊறும் அரிசி

லேபிள் போனதைச் சொல்ல ஏபிபி அறைக்குப் போனேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். லேபிளோடு போலீஸ் எடுத்த போட்டோ இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம் என்றார். திரும்பி வந்தபோது பாக்கியம்மாள் என்னிடம் மெதுவாக ஒன்று கேட்டார்.

"இத்த எத்தினி மணிக்கு எட்த்துகினு போலாம்?"

இதற்குப் பதில் சொல்வது எனக்குச் சங்கடம். சாட்சி கூண்டில் ஏறி, இதுதான் என் பொருள் என்று அடையாளம் காட்டியதும், அதைச் சான்றுப் பொருளாகக் குறியிடுவார்கள். குறியிட்ட பொருள் கோர்ட்டின் பாதுகாப்பு அறைக்குப் போகும். தீர்ப்பு வந்து, அப்பீல் காலமும் முடிந்து, தனியாக மனுப் போட்டால் திரும்பக் கிடைக்கும். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்த சைக்கிள்கள், ஒற்றைச் செருப்பு, ஒரு வீணை. எல்லாவற்றின் கழுத்திலும் அட்டை. சொந்தக்காரர்கள் மறந்தே போயிருப்பார்கள்.

மறைக்காமல் சொன்னேன். இன்றைக்குக் கொடுக்காமலும் போகலாம் என்றேன்.

பாக்கியம்மாளின் முகம் மாறிவிட்டது. "அரிசி ஊறிக்கினு கீதும்மா. காலீலயே போட்டுட்டு வந்தேன். சாயங்காலம் ஆட்டினாதான் நாளைக்குக் கடை. கடையில்லன்னா நாளைக்கு ஒண்ணியும் இல்ல."

பக்கத்திலிருந்த கட்டைப்பை அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டூலில் இருந்த இளைஞன் தரையைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து டபேதார் வாசலில் நின்று எங்கள் வழக்கைக் கூப்பிட்டார். எதிரி விக்னேஷ், எதிரி விக்னேஷ், எதிரி விக்னேஷ் என்று மூன்று முறை.

என் ஸ்டூலில் இருந்த இளைஞன் எழுந்தான். தண்ணீர் பாட்டிலை மூடி, மரியாதையாக என் கையில் கொடுத்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, நேராக உள்ளே போய் எதிரிக் கூண்டில் ஏறி நின்றான்.

நான் பாக்கியம்மாளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவன்தான் விக்கி" என்றார் அவர், சாதாரணமாக. கட்டைப்பை அம்மாளைக் காட்டி, "இவ அவன் அம்மா, கஸ்தூரி. நாங்க மூணு பேரும் ஒரே ஷேர் ஆட்டோலதான் வந்தோம். இம்மாம் பெரிய சாமான, நான் ஒண்டியா எப்டித் தூக்குறது?"

திருட்டுப் பொருளைத் திருடனே சுமந்து வந்து அரசுத் தரப்பிடம் ஒப்படைத்திருக்கிறான். நான் அவனுக்குத் தண்ணீரும் கொடுத்து, அரசுத் தரப்புச் சாட்சிக்கு எதிரிலேயே உட்காரவும் வைத்திருக்கிறேன். கஸ்தூரியை உடனே மேற்குப் பெஞ்சுக்கு அனுப்பினேன். விதி விதிதான்.

யார் பெயர்

கிரைண்டர் கோர்ட் ஹாலின் நடுவில் வைக்கப்பட்டது. மாஜிஸ்திரேட் அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து அதைப் பார்த்தார். அந்தக் கதம்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

ஏபிபி கேட்டதற்கெல்லாம் பாக்கியம்மாள் ஒழுங்காகப் பதில் சொன்னார். காலி செய்த நாள், சாலை, குவியல், காணாமல் போனது, கடையில் கிடைத்தது. இதைக் குறியிடலாம் என்று ஏபிபி வாயெடுத்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். போலீஸ் லேபிள் இல்லை, ஆகவே இது அந்தக் கிரைண்டரே அல்ல என்றார். அதை முடித்த கையோடு கீழே குனிந்து, எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயரைப் படித்தார்: கஸ்தூரி.

"என் கட்சிக்காரரின் தாயார் பெயர் கஸ்தூரி. ஆக, இது எதிரியின் வீட்டுப் பொருள். தன் வீட்டுப் பொருளை ஒருவர் எடுப்பது திருட்டாகாது."

அந்தக் கிரைண்டரே இல்லை என்பதும், எங்கள் கிரைண்டர்தான் என்பதும் ஒரே மூச்சில் வந்தன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கட்சிக்காரருக்காகக் கிடைத்ததையெல்லாம் எடுத்து வைப்பதுதான் அவர் வேலை.

மாஜிஸ்திரேட் பாக்கியம்மாளைப் பார்த்தார். "உங்க பொருள்னு சொல்றீங்க. பேரு வேறயா இருக்கே?"

"குடுத்தவங்க பேரத்தானம்மா வெட்டுவாங்க. எம் பொண்ணு சடங்குக்கு அவ வெச்ச சீரு இது. அப்போ அவ அஞ்சாறு வூட்டுல வேலை செஞ்சிக்கினு இருந்தா. சேத்து வெச்சு வாங்கியாந்தா."

ஹாலில் எல்லாருக்கும் அது தெரிந்த விஷயம்தான். வக்கீல் உட்பட. எங்கள் வீட்டுச் சமையலறையிலும் என் பெயர் போட்ட பாத்திரம் ஒன்றுகூட இல்லை. சித்தப்பாக்களும் அத்தைகளும் கணவரின் அலுவலக நண்பர்களும்தான் அலமாரி நிறைய இருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் அம்மாவின் வாயோரம் லேசாக அசைந்தது. அவர் வீட்டு அலமாரியும் அப்படித்தான் இருக்கும் போல.

அப்படியானால் அந்தக் கஸ்தூரியையே அழைத்துக் கேட்டுவிடலாமே என்று ஏபிபி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் சட்டென்று கட்டைப் புரட்டத் தொடங்கினார். கூண்டில் விக்கி தலையைத் தூக்கவில்லை.

"அவள வேணாம்மா" என்றார் பாக்கியம்மாள். அதுவரை இருந்த குரல் இல்லை. "பெத்த புள்ளைக்கு எதிர்ல அவள நிக்க வெக்காதீங்க."

மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுங்கள் என்றார்.

ஒரே டிபன் பாக்ஸ்

கட்டை அறையில் வைத்துவிட்டு வந்து பார்த்தால் கிழக்குப் பெஞ்ச் காலி. மேற்குக் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மூன்று பேரும் ஒரே டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இட்லி, மிளகாய்ப் பொடி. கஸ்தூரி பிட்டு வைக்க, விக்கி குனிந்தபடி தின்றான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கட்டின் மேல் நான் பென்சிலால் எழுதியிருந்த பிரிவு சாதாரணத் திருட்டு. வீட்டுக்குள் புகுந்து எடுத்திருந்தால் அது வேறு பிரிவு, சமாதானத்துக்கு இடமில்லை. சாலையில் கிடந்த சாமான் என்பதால், பறிகொடுத்தவர் விரும்பி, கோர்ட்டும் அனுமதித்தால், வழக்கை அதோடு முடித்துக்கொள்ளலாம். குறியிடவும் வேண்டாம்.

ஆனால் அதைச் சாட்சியிடம் சொல்வது என் வேலை அல்ல. ஏபிபியிடம் போனேன். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தயிர்ச் சாதத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அவங்களா கேட்டா நான் மறுக்க மாட்டேன் மேடம். ஆனா மிரட்டிக் கேக்க வச்சிருந்தா? ஒரே குடியிருப்பு. நான் கேட்டா பயந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்க தனியா கூட்டிட்டுப் போய் என்ன வேணும்னு மட்டும் கேளுங்க. வழி காட்டாதீங்க."

பாக்கியம்மாளை எங்கள் அறைக்கு அழைத்து வந்து கதவைச் சாத்தினேன். என்னம்மா வேண்டும் உங்களுக்கு என்றேன்.

"கிரைண்டரு வூட்டுக்குப் போவணும். கேஸு வேணாம். வுட்டுடலாம்னா வுட்டுடுங்க."

யாராவது அப்படிச் சொல்லச் சொன்னார்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவன் சொல்லுவான்? என் வூடு ஏழாவது மாடி. லிஃப்ட்டு பாதி நாளு ஓடாது. தண்ணி, அரிசி மூட்டை, சிலிண்டரு எல்லாம் அவன்தான் தூக்கியாறான். செஞ்சது தப்புன்னு அவனுக்குத் தெரியும், அதான் கூப்புடாமயே வரான். நீ அவன ஜெயிலுக்கு அனுப்பிட்டா, யாரு தூக்குவாங்க? நீ வருவியா?"

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை. ஏழு மாடி ஏறுகிற முழங்கால் என்னிடமும் இல்லை. ஏபிபியிடம் போய் வார்த்தை மாறாமல் சொன்னேன். கடைசிக் கேள்வியையும் சேர்த்து.

அவர் சிரித்துவிட்டார். "மனு டைப் பண்ணுங்க" என்றார்.

வாசல்

மதியம் மாஜிஸ்திரேட் பாக்கியம்மாளை அருகே அழைத்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்று இரண்டு விதமாகக் கேட்டார். இரண்டு விதத்துக்கும் ஒரே பதில் வந்தது. பிறகு விக்கியிடம், "ஏன்டா எடுத்தே?" என்றார். அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

கதவோரம் நின்றிருந்த கஸ்தூரி உள்ளே ஓரடி வைத்தார். அங்கே யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

"இன்னொரு வாட்டி இவன் கை நீட்டினா, நானே வந்து சாட்சி சொல்றேம்மா. என்னியக் கூப்புடுங்க."

டபேதார் அவரை வெளியே அனுப்ப எழுந்தார். மாஜிஸ்திரேட் கையை உயர்த்தி டபேதாரை உட்காரச் சொன்னார். சமாதான மனுவை அனுமதித்துக் கையெழுத்திட்டார். கிரைண்டர் பாக்கியம்மாளிடமே இருக்கலாம், அவர் எழுதிக் கொடுத்த பத்திரம் ரத்து என்றார். புது லேபிளில் பசை தடவி வைத்திருந்த, பாதுகாப்பு அறையைக் கவனிக்கும் சொத்துக் குமாஸ்தா அதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

உத்தரவு நகலுக்காக நான் மேலேயே நிற்க வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு இறங்கி வருவதற்குள் கீழே கேட்டில் சிக்கல். கிரைண்டரைத் தோளில் வைத்திருந்த விக்கியைக் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் நிறுத்தியிருந்தார். கோர்ட்டுக்குள்ளிருந்து ஒருவன் பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவர் கேட்கத்தான் செய்வார்.

"யாருதுடா இது?"

விக்கி நின்றுவிட்டான். காலையில் படியேறி வந்தபோதுகூட அவன் அப்படி வியர்க்கவில்லை. பாக்கியம்மாளும் கஸ்தூரியும் சாலைக்கு அப்பால் ஷேர் ஆட்டோவை மறித்து, அதன் டிரைவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிரைண்டருக்கு இடமில்லை என்கிறார் அவர். விக்கி என்னைப் பார்த்தான்.

எத்தனையோ சாட்சிகளைக் கூண்டுக்கு அனுப்பியிருக்கிறேன். என்னிடம் யாரும் சாட்சி கேட்டதில்லை.

"பாக்கியம்மாளோடது சார்" என்றேன், நகலை நீட்டியபடி. "இவர் அதை அவங்க வீட்டுக்குக் கொண்டுபோறார். எனக்குத் தெரியும்."

கான்ஸ்டபிள் நகலைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், வழி விட்டார்.

சாலைக்கு அந்தப் பக்கம் சண்டையில் பாக்கியம்மாள் ஜெயித்திருந்தார். ஷேர் ஆட்டோவின் பின் சீட்டில் இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் செய்துகொண்டிருந்தார்கள். அவர் பேருந்துகளின் இரைச்சலுக்கு மேலே கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"வா நைனா சீக்கிரம். அரிசி ஊறிக்கினு கீது."